இசைத்தட்டில் இல்லாத பெயர்

ராக் இசை என்றதும் கிதாரும் பாடகரும்தான் நம் நினைவுக்கு வருகிறார்கள். அந்த இசைக்கு அடி போட்டுக் கொடுத்தவர்களில் முக்கியமானவர் டிரம்மர் ஏர்ல் பால்மர்.

1924இல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில், கறுப்பின மக்கள் வாழும் ட்ரெமே பகுதியில் பிறந்தார். ஐந்து வயதிலேயே மேடையேறி ஆடியவர். அந்த ஊரில் சாவு ஊர்வலத்தின் முன்னே டிரம்மும் ஊதுகுழலும் போகும். அடக்கம் முடிந்து திரும்பும்போது தெருவே ஆடும். பறைச் சத்தம் கேட்டு வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பால்மரின் கை பழகியது அந்தத் தெரு அடியில்தான்.

இரண்டாம் உலகப்போரில், நிறம் பார்த்துப் பிரித்து வைத்த ராணுவத்தில் வெடிமருந்து கையாளும் வேலை அவருக்கு. திரும்பியதும், முன்னாள் படைவீரர்களுக்கான அரசு உதவியில் இசைப்பள்ளியில் சேர்ந்தார். கையில் தாளம் இருந்தும், இசையை எழுதப் படிக்கக் கற்றார். மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 1957இல் லாஸ் ஏஞ்சல்ஸ் போனபோது ஸ்டுடியோ வேலைக்கு அந்தப் படிப்பு கைகொடுத்தது.

அதற்கு முன்பே, டேவ் பார்த்தலோமியு குழுவில் இருந்தபோது, 1949இல் ஃபேட்ஸ் டோமினோவின் 'தி ஃபேட் மேன்' பாட்டில் நான்கு தட்டில் இரண்டாவதையும் நான்காவதையும் ஓங்கி அடித்தார். 1955இல் லிட்டில் ரிச்சர்டின் 'டுட்டி ஃப்ரூட்டி'க்கும் அவரே. உலகெங்கும் ராக் குழுக்கள் இன்றும் அடிப்பது அந்த அடியைத்தான்.

இசைத்தட்டில் பாடகர் பெயர் இருந்தது. அடித்தவர் பெயர் இல்லை. பதிவுக்கு இவ்வளவு என்று கூலி. பாட்டு எவ்வளவு விற்றாலும் அத்தோடு சரி. ராக் அண்ட் ரோல் புகழ் மண்டபம், பின்னணிக் கலைஞர்களுக்கெனத் தனிப் பிரிவு தொடங்கி அவரைச் சேர்த்தது 2000இல். அப்போது அவருக்கு வயது 75.