குடிக்கு ஒரு வட்டம், குடுவுக்கு ஒரு வட்டமா?

இலங்கையின் கற்பிட்டியிலிருந்து உச்சமுனைக்குப் படகில்தான் போக வேண்டும். ஒரு பக்கம் களப்பு, மறுபக்கம் கடல், நடுவே மணல். வாழ்க்கை மீன்பிடியை நம்பி நடக்கிறது. இந்தக் கரையில் கசிப்பு என்ற கள்ளச்சாராயம் பழைய கதை. அண்மைக் காலத்தில் கற்பிட்டிக் கடற்பரப்பில் கடற்படை பிடிக்கும் சரக்கில் பீடி இலையோடு கேரளக் கஞ்சாவும், பிரிகபலின் என்ற நரம்பு வலி மாத்திரையும் சேர்ந்தே வருகின்றன. குடு என்று ஊரார் சொல்லும் ஹெரோயினும் ஐஸும் கொழும்புக்கு மட்டும் உரிய பிரச்சினையாக இருந்த காலம் போய்விட்டது. இப்படியான ஒரு சிறிய ஊரில் குடியை விட நினைப்பவர் நாலு பேர், குடுவையோ ஐஸையோ விட நினைப்பவர் மூன்று பேர் என்று வைத்துக்கொள்வோம். பெரிய நகரமென்றால் இவர்களுக்குத் தனித்தனிக் கூட்டங்கள் இருக்கும். இங்கே இரண்டாகப் பிரித்தால் இரண்டு கூட்டமும் இரண்டு வாரத்தில் கலைந்துவிடும். அப்படியானால் ஏழு பேரும் ஒரே பாயில் உட்காரலாமா? உட்காரலாம் என்பதே என் முடிவு. பிரிக்க வேண்டியவை சில உண்டுதான். ஆனால் நாம் வழக்கமாகக் கோடு போடுகிற இடம் அதுவல்ல.

முதலில், இந்தப் பிரிவினை எப்படி வந்தது என்று பார்க்கலாம். 1935இல் அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலத்து அக்ரன் நகரில் பில் வில்சன் என்ற பங்குச்சந்தைக்காரரும் பொப் ஸ்மித் என்ற சத்திரசிகிச்சை வைத்தியரும் சந்தித்துக்கொண்டதில் பிறந்தது அல்கஹோலிக்ஸ் அனொனிமஸ், சுருக்கமாக ஏ.ஏ. இருவரும் குடிநோயாளர்கள். அவர்களுக்கு ஏறத்தாழ நூறாண்டு முன்னால், 1840இல், பால்ட்டிமோரில் வாஷிங்டோனியன் என்ற இயக்கம் குடிகாரர்களைக் குடிகாரர்களே மீட்பது என்று புறப்பட்டுப் பெரும் கூட்டம் சேர்த்தது. பிறகு மதுவிலக்கு அரசியலிலும் மற்ற விவகாரங்களிலும் சிக்கிச் சிதறிப்போனது. அந்தப் பாடத்தை ஏ.ஏ. மறக்கவில்லை, ஒரே வேலை, அதுவும் குடி மட்டும் என்று தன்னைச் சுருக்கிக்கொண்டது. 1958இல் வில்சன் எழுதிய கட்டுரையொன்று இதைத் தெளிவாக வரையறுத்தது: குடிப் பிரச்சினையும் போதைப்பொருள் பிரச்சினையும் உள்ளவர் உறுப்பினராகலாம், போதைப்பொருள் மட்டும் உள்ளவர் ஆக முடியாது. அதற்கு ஐந்து ஆண்டு முன்பே, 1953இல், கலிபோர்னியாவில் நார்கோட்டிக்ஸ் அனொனிமஸ் (என்.ஏ.) தொடங்கியிருந்தது. அது ஏ.ஏ.யின் பன்னிரண்டு படிகளையே எடுத்துக்கொண்டு, மதுவுக்கு முன் சக்தியிழந்தோம் என்ற முதற்படியை அடிமைத்தனத்துக்கு முன் சக்தியிழந்தோம் என்று மாற்றியது. ஆக, கோடு போட்டது மருத்துவமல்ல. ஓர் அமைப்பு சிதறாமல் நிலைப்பதற்கான முன்யோசனை. அந்த யோசனை நல்லதுதான். அதற்காக அதை உடற்கூற்று விதிபோல எல்லா ஊருக்கும் கொண்டுபோக வேண்டியதில்லை.

உடற்கூறு சொல்வது கொஞ்சம் சிக்கலானது. ஒவ்வொரு பொருளும் மூளைக்குள் வேறு வேறு கதவால் நுழைகிறது. மதுசாரம் நரம்பின் வேகத்தைத் தணிக்கும் காபா ஏற்பிகளைத் தூண்டி, வேகம் கூட்டும் குளுட்டமேற் ஏற்பிகளை அடக்குகிறது. ஹெரோயின் உடலிலேயே சுரக்கும் வலிநீக்கிகளுக்கு உரிய ஏற்பிகளில் போய் உட்காருகிறது. ஐஸ் எனப்படும் மெத்தம்பெட்டமின், நரம்பணுக்களில் சேமித்துள்ள டோபமினை வெளியே கொட்ட வைக்கிறது. நுழைந்தபின் இவை எல்லாம் சென்று சேரும் இடம் பெரும்பாலும் ஒன்றே: எதை மீண்டும் செய்ய வேண்டும் என்று மூளை கற்றுக்கொள்ளும் டோபமின் பாதை. நல்ல சான்று நல்ட்ரெக்ஸோன் என்ற மருந்து. அபினி வகைப் போதையைத் தடுக்க 1984இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அதே மாத்திரைக்கு 1994இல் குடிநோய்க்கும் அனுமதி கிடைத்தது. மரபணுவும் இதையே சொல்கிறது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோரின் மரபணுத் தரவுகளை ஆராய்ந்து 2023இல் வெளிவந்த ஆய்வு, மது, புகையிலை, கஞ்சா, அபினி வகை என எல்லா அடிமைத்தனத்துக்கும் பொதுவான மரபுக்கூறுகள் இருப்பதைக் காட்டியது. ஒவ்வொன்றுக்கும் தனிக்கூறுகளும் உண்டு. ஆனாலும் அடிப்பகுதி பொதுவானது.

மூளை ஒன்றாக இருந்துவிட்டால் மட்டும் கூட்டம் நடந்துவிடாது. குடுக்காரன் பேச்சைக் குடிகாரன் கேட்பானா என்பதுதான் நடைமுறைக் கேள்வி. ஏ.ஏ. கூட்டத்தில் நடப்பது இவ்வளவுதான்: ஒருவர் தன் முதற்பெயரைச் சொல்லி, தான் ஒரு குடிநோயாளி என்று தொடங்கித் தன் கதையைச் சொல்வார், மற்றவர்கள் குறுக்கிடவோ புத்திமதி சொல்லவோ மாட்டார்கள், அடுத்தவர் தொடர்வார். இந்த மருந்து வேலை செய்ய, கேட்பவருக்கு 'இது என் கதை' என்று படவேண்டும். கதையில் போத்தலுக்குப் பதில் தூள் வந்தால் அந்த ஒட்டுறவு அறுந்துவிடும் என்பது பழைய பயம். ஆய்வாளர் ஜோன் கெலியும் கூட்டாளிகளும் 2014இல் இதை நேராகவே சோதித்தார்கள். சிகிச்சைக்கு வந்த 18 முதல் 24 வயது வரையான 279 பேரைப் பின்தொடர்ந்து, போதைப்பொருளே முதன்மைப் பிரச்சினையாக இருந்தும் என்.ஏ.க்குப் போகாமல் ஏ.ஏ.க்கே அதிகம் போனவர்கள் பின்தங்கினார்களா என்று பார்த்தார்கள். பின்தங்கவில்லை, இடையில் விட்டுப்போனதும் கூடவில்லை. கொக்கெயின் நோயாளர் 487 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வில் இன்னொன்று தெரிந்தது. சும்மா போய் உட்கார்ந்து வருவதல்ல, பேசுவது, பொறுப்பெடுப்பது, மூத்த உறுப்பினர் ஒருவரோடு தொடர்பு வைப்பது போன்றவையே முன்னேற்றத்தோடு சேர்ந்து வந்தன. கொக்ரேன் அமைப்பின் 2020ஆம் ஆண்டு மீளாய்வு 27 ஆய்வுகளைத் தொகுத்தது. ஏ.ஏ. வழியில் கொண்டுசென்ற சிகிச்சையில் ஓராண்டின் பின் முழுதாகக் குடியை விட்டிருந்தவர் ஏறத்தாழ 42 சதவீதம், மற்றச் சிகிச்சைகளில் 35 சதவீதம். இந்தத் தொகுப்பு குடியைப் பற்றியது மட்டுமே. போதைப்பொருளுக்கு இதே உறுதியோடு சொல்ல முடியாது. கெலியின் ஆய்வும் அமெரிக்க இளைஞர்களைப் பற்றியது. இருந்தும், பொருள் வேறு என்பதால் மட்டும் சேர்ந்திருப்பது கெட்டுப்போகும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் மெலிவாகவே இருக்கிறது.

இதைவிட வலுவான ஆட்சேபம் சட்டத்தைப் பற்றியது. சாராயம் வரி கட்டி விற்கப்படும் பொருள். குடுவை வைத்திருந்தால் சிறை. 2022ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி 5 கிராம் ஐஸ் மரண தண்டனைவரை கொண்டுபோகலாம். எல்லாரும் எல்லாரையும் அறிந்த ஊரில், தன் கதையை வாய்விட்டுச் சொன்னவர் மறுநாள் பொலிஸுக்குப் பயப்பட வேண்டியிருக்கும். குடிகாரருக்கு அந்தப் பயம் இல்லை. வெட்கமும் சமமாக இல்லை. அதிலும் ஒரு வேடிக்கை உண்டு: கற்பிட்டிக் கரையில் கத்தோலிக்கரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழ்கிறார்கள். ஒரு வீட்டில் குடி, பெருநாளோடு வரும் சின்னக் குறை. அடுத்த வீட்டில் அது ஹராம், மறைத்தே தீரவேண்டியது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 2019இல் மதுவால் இறந்தோர் சுமார் 26 லட்சம், மற்றப் போதைப்பொருள்களால் 6 லட்சம். குடிப்பவர் தொகை பெரிது என்பது ஒரு காரணம். என்றாலும் சட்டமும் வெட்கமும் கிழிக்கும் கோடு, ஆபத்தின் கோடு அல்ல என்பது இதிலேயே தெரியும். எனவே இந்த ஆட்சேபத்துக்குப் பதில் கூட்டத்தைப் பிரிப்பதல்ல. கூட்டத்தின் பேச்சு வெளியே போகாது என்ற உறுதி. கூட்டம் நடத்துவோர் பொலிஸோடும் பள்ளிவாசல், கோவில் நிர்வாகத்தோடும் இதை முன்கூட்டியே பேசித் தீர்க்க வேண்டும். கட்டாயப்படுத்தி அடைத்துவைப்பதைச் சுயஉதவிக் குழுவோடு குழப்பிக்கொள்ளவும் கூடாது. பொலன்னறுவைக் கந்தக்காடு போதைப்பொருள் புனர்வாழ்வு நிலையத்திலிருந்து 2022 ஜூனில் நூற்றுக்கணக்கானோர் வேலியை உடைத்துக்கொண்டு ஓடினார்கள். அங்கே ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள் என்பதை வைத்து, சேர்ந்திருத்தல் பலிக்காது என்று யாராவது வாதாடினால் அது தவறான பாடம். விரும்பி வருவதே இந்த முறையின் முதல் நிபந்தனை.

'குடியோடு வந்தவன் குடுவைப் பழகிக்கொண்டு போவான்' என்று தாய்மார் சொல்வதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. இதற்கு உண்மையான ஆதாரம் உண்டு. ஆனால் அது வயதைப் பற்றியது. உளவியலாளர் தோமஸ் டிஷியனும் அவரது குழுவினரும் 1999இல் காட்டியபடி, வழிதவறும் அபாயமுள்ள பதின்ம வயதினரை ஒன்றாகக் கூட்டி நடத்திய சில திட்டங்களில் புகைப்பதும் குற்றச்செயலும் கூடின. ஒருவர் சாகசத்தை மற்றவர் சிரித்து ஊக்கப்படுத்தியதே காரணம். பதினாறு வயதுப் பையனை முப்பது வருடக் குடிகாரரோடு உட்கார வைப்பது, என்ன பொருளானாலும் பிழை. வளர்ந்தவர்களில் கதை வேறு. ஒன்றை விட்டவர் வேறொன்றைப் பிடித்துக்கொள்வார் என்ற நம்பிக்கையை அமெரிக்காவின் தேசிய மட்டத் தரவுகளைக் கொண்டு 2014இல் சோதித்தபோது, ஒரு பொருளிலிருந்து மீண்டவர்களுக்குப் புதிய பொருளுக்கு அடிமையாகும் வாய்ப்பு, மீளாதவர்களைவிடப் பாதிக்கும் குறைவாகவே இருந்தது. இதைவிட முக்கியமானவர்கள், மதுவையும் வேறு போதைப்பொருளையும் சேர்த்தே எடுப்பவர்கள். பிரிகபலினும் சாராயமும் ஒன்றாக உள்ளே போனால் இரண்டும் மூச்சைத் தாழ்த்தும். அப்படி எடுப்பவரை எந்தக் கூட்டத்துக்கு அனுப்புவது?

உண்மையில் பிரிக்க வேண்டியது முதல் வாரம். நெடுநாள் குடித்தவர் திடீரென நிறுத்தினால் ஆறு மணி நேரத்துக்குப் பின் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நாலு நாளில் பிதற்றலும் உடல்நடுக்கமும் காய்ச்சலும் சேர்ந்து உயிரைக்கூட வாங்கலாம். பலநாள் படகில் போய்ச் சாராயம் தீர்ந்துபோனவருக்கு இது நடுக்கடலில் நேரக்கூடியது. ஹெரோயின் நிறுத்தினால் வாந்தியும் வயிற்றோட்டமும் உடல்வலியும் வாட்டும், ஆனால் பொதுவாகக் கொல்லாது. ஆபத்து பின்னால் வருகிறது. சில வாரம் விலகியிருந்ததில் உடலின் தாங்குசக்தி குறைந்துபோக, பழைய அளவையே எடுப்பவர் இறந்துபோகலாம். ஆகவே குடிகாரருக்கு முதல் நாளே வைத்தியசாலை வேண்டும். ஹெரோயின் விட்டவருக்கு முதல் மாதங்களில் கண்காணிப்பு வேண்டும். மருந்து விஷயத்திலும் சேர்ந்த குழு தன் விதியைத் தளர்த்த வேண்டும். ஹெரோயினுக்கு மாற்று மருந்தாக மெதடோனோ பியூப்ரனோர்பினோ எடுப்பவர்களில் இறப்பு வெகுவாகக் குறைகிறது. ஆனால் பல என்.ஏ. கூட்டங்களில் அவர்கள் முழுதாக விட்டவர்களாகக் கருதப்படுவதில்லை. பொருளை வைத்து ஆளைப் பிரிக்காத குழு, மருந்தை வைத்தும் பிரிக்காமல் இருப்பதுதான் நியாயம்.

கிராமத்துக்கே சிகிச்சையைக் கொண்டுபோவது புதிதல்ல. சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம், பிறகு காவிரி டெல்டாப் பக்கத்து மஞ்சக்குடியில் குடிநோயாளருக்கு முகாம் நடத்தியது. குடும்பத்தாரையும் ஊராரையும் சிகிச்சையில் சேர்த்துக்கொண்டது. உச்சமுனைக்கு அதிலும் கூடுதலாக ஒன்று வேண்டும். சோளகக் காற்று எழுந்தால் மேற்குக் கரையின் மீனவர் பலர் கிழக்கே போய் வாடி போட்டுத் தங்கிவிடுவார்கள். மாதக்கணக்கில் திரும்ப மாட்டார்கள். ஏழு பேரில் மூன்று பேர் முல்லைத்தீவுப் பக்கம் இருக்கும்போது கூட்டம் எப்படி நடக்கும்? 2020இன் கொரோனா முடக்கத்தில் ஏ.ஏ.யும் என்.ஏ.யும் திரையில் கூடப் பழகிக்கொண்டன. வாடியிலிருந்து கைபேசியில் ஒருவர் இணைய முடிந்தால் அந்த மாதங்களிலும் அவர் பேச்சு கேட்கும். அவர் இணைகிற மறுமுனையில் இருப்பது ஏ.ஏ.யா என்.ஏ.யா என்பது அப்போதும் இரண்டாம் பட்சம்தான்.