நந்தி மலையடிவாரத்துத் திராட்சை ரசம்

வெற்றிலைக்குப் பேர்போன ஊரிலே பிறந்து வளர்ந்தவனுக்கு, ஒரு பொருளை வாயில் இடுவதற்கு முன்பே அதனைக் கண்ணாலும் விரலாலும் மூக்காலும் பரீட்சித்துப் பார்க்கும் பழக்கம் தானாகவே வந்து சேருகிறது. சோழவந்தானில், வைகைப் பாய்ச்சலில் அகத்தியைப் பற்றிப் படர்ந்த கொடிக்காலிலிருந்து அன்று காலையில் வந்த கவுளியைப் பிரித்து, இலையின் பச்சை எத்தகையது, நரம்பு மெலிந்திருக்கிறதா தடித்திருக்கிறதா, காம்பைக் கிள்ளினால் எழுகின்ற வாசனையில் காரம் எவ்வளவு என்று நிதானமாகப் பார்த்து, பிறகே ஒரு இலையை மென்று தீர்ப்புச் சொல்லும் பெரியவர்களை நான் சிறு வயது முதல் கண்டிருக்கிறேன். பசிக்காக அவர்கள் வெற்றிலை போடுவதில்லை, மயக்கத்துக்காகவும் அல்ல. ஒரு வாய்த் தாம்பூலத்தில் அடங்கியிருக்கும் ரஸங்களை ஒவ்வொன்றாக அறிந்துகொள்ளும் இன்பத்துக்காகவே போடுகிறார்கள். திராட்சை ரசத்தைச் சுவைத்து அறியும் கலையும் இந்த ஒழுங்கினின்று பெரிதும் வேறுபட்டதன்று என்பதைக் கர்நாடகத்தில் நந்தி மலையடிவாரத்துக்குச் சென்றபோது நேரிலே உணர்ந்தேன்.

மதுவைப் பற்றி எழுதப் புகும் தமிழ் எழுத்தாளனுக்குத் தயக்கம் இருப்பது இயல்பே. 1937-ஆம் ஆண்டில், சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியாக இருந்த ராஜாஜி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைக் கொணர்ந்தபோது அவர் கண்முன் நின்றவை, கூலிப் பணம் வீட்டுக்கு வந்து சேராமையால் அடுப்பெரியாத குடும்பங்கள். அந்தத் துயரம் இன்றும் தீர்ந்துவிடவில்லை. அதனை லேசாக எண்ணி நான் எழுதவில்லை. ஆயினும், வெறிக்காகக் குடிப்பது வேறு, ரசனைக்காகச் சிறிதளவு பருகுவது வேறு என்ற பாகுபாடு நம்முடைய பழைய மதுரைக்குத் தெரிந்தே இருந்தது. புறநானூற்றின் 56-ஆம் பாட்டில், பாண்டியன் நன்மாறனை வாழ்த்தும் நக்கீரர், யவனர் கலங்களில் கொண்டுவந்த குளிர்ந்த மணமுள்ள மதுவை அவன் பொற்கிண்ணத்தில் அருந்துவதைக் கூறுகிறார். வைகை கடலோடு கலக்கும் இடத்திலுள்ள அழகன்குளத்திலும், 1945-இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்த அரிக்கமேட்டிலும், மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து மதுவும் எண்ணெயும் வந்த இருபிடிச் சாடிகளின் ஓடுகள் கிடைத்திருக்கின்றன. எங்கள் ஊரைத் தொட்டுக்கொண்டு ஓடும் அதே வைகையின் கரைக்கு, இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே திராட்சை மது வந்து இறங்கியிருக்கிறது.

இனி நந்தி மலைக்கு வருவோம். பெங்களூருக்கு வடக்கே, தொட்டபள்ளாபுரத்தை அடுத்து, கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் பரந்து கிடக்கிறது குரோவர் திராட்சைத் தோட்டம். கன்வல் குரோவர் என்ற தொழிலதிபர், வியாபார நிமித்தமாகப் பிரான்சு தேசத்துக்குப் போய்வந்த காலத்தில் அந்நாட்டு ஒயினில் ஏற்பட்ட பற்றின் காரணமாக, ஷாம்பேன் பிரதேசத்தைச் சேர்ந்த ஜார்ஜ் வெஸ்ஸெல் என்ற நிபுணரைத் துணைக்கொண்டு, இந்தியாவில் நல்ல ஒயின் திராட்சை விளையக்கூடிய மண்ணைத் தேடித் தேடி, 1988-இல் இவ்விடத்தில் பிரெஞ்சு ரகங்களை ஊன்றினார். 1992-இல் முதல் ஒயின் வெளிவந்தது. பின்னர் போர்தோவின் புகழ்பெற்ற மிஷேல் ரோலாண் ஆலோசகராக வந்தார். 2012-இல் நாசிக்கிலிருந்த மற்றொரு ஸ்தாபனத்துடன் இணைந்து, இப்பொழுது குரோவர் ஜம்பா என்ற பெயரில் நடந்து வருகிறது.

ஐரோப்பாவில் பனிக்காலத்தில் இலை உதிர்ந்து கொடி உறங்கிவிடும். நம் தக்காணத்திலோ அதற்கு உறக்கமே கிடையாது. விட்டால் ஆண்டு முழுவதும் தழைத்துக்கொண்டே போகும். ஆகவே கோடையில் ஒரு முறையும், மழை ஓய்கின்ற செப்டம்பர் அக்டோபரில் மறு முறையும் கவாத்து செய்து, முதல் கவாத்தில் கிளைக்கு வலுவூட்டி, இரண்டாவதில் காய்க்க வைக்கிறார்கள். வெயிலும் வறட்சியுமாக இருக்கும் நாட்களில் பழம் முதிர்ந்து, கோடை உச்சத்துக்கு வருவதற்குள் அறுவடை முடிந்துவிடுகிறது. இந்த உயரத்தில் இரவு குளிர்ச்சியாக இருப்பதனால் பழத்தின் புளிப்பு கரைந்து போகாமல் நிற்கிறது. புளிப்பு இல்லாத ஒயினுக்கு உயிர் இல்லை என்பது அங்கே எல்லோரும் சொல்லும் வார்த்தை.

வெள்ளைக்கும் சிவப்புக்கும் உள்ள வேற்றுமை பழத்தின் நிறத்தில் மட்டும் இல்லை. தோலை என்ன செய்கிறோம் என்பதில்தான் முக்கியமாக இருக்கிறது. கறுந்திராட்சையின் சாறுகூடப் பெரும்பாலும் நிறமற்றதே. வெள்ளை ஒயினுக்குப் பழத்தைப் பிழிந்தவுடன் தோலை நீக்கிவிட்டுச் சாற்றை மட்டும் எஃகுத் தொட்டியில் குளிர்ச்சியாக வைத்து நொதிக்க விடுகிறார்கள். சிவப்புக்கோ தோலும் விதையும் சாற்றோடு சேர்ந்தே பல நாட்கள் ஊறி நொதிக்கின்றன. நிறமும், நாக்கைப் பிடிக்கும் துவர்ப்பும் அவற்றிலிருந்து இறங்குகின்றன. அதன் பிறகு பிரெஞ்சு ஓக் மரப் பீப்பாயில் மாதக்கணக்கில் இளைப்பாறுகிறது.

முதலில் வெள்ளை, பிறகு சிவப்பு என்பது சுவைக்கும் சம்பிரதாயம். நன்றாகக் குளிர்ந்த சோவினியோன் பிளாங்கைக் கண்ணாடிக் கிண்ணத்தில் இரண்டு விரற்கடை மட்டும் ஊற்றினார்கள். கிண்ணத்தின் காம்பைப் பிடிக்க வேண்டுமேயன்றி வயிற்றைப் பிடிக்கலாகாது; உள்ளங்கைச் சூடு குளிர்ச்சியைக் கெடுத்துவிடும். வெள்ளைத் துணிக்கு எதிரே சாய்த்துப் பார்த்தால், நிறமற்ற நீரில் ஒரு துளி இளம்பச்சை கலந்தாற்போல் இருந்தது. வெள்ளை ஒயின் வயது ஏற ஏறப் பொன்னிறம் கொள்ளும். சிவப்பு ஒயினோ வயது ஏற ஏறச் செங்கல் நிறத்துக்கு இறங்கும். ஆகவே இந்தப் பச்சைச் சாயலே அதன் இளமைக்குச் சான்று. கிண்ணத்தை மெல்லச் சுழற்றி முகர்ந்தபோது, அப்பொழுது வெட்டிய புல்லும் குடைமிளகாயும் முதலில் வந்தன. சற்று நேரம் சென்று கொய்யாவின் மணம் தலை காட்டியது. இது வெறும் கற்பனை அன்று. குடைமிளகாயின் மணத்துக்குக் காரணமான பிரஸீன் இனத்து வேதிப்பொருளே இந்தத் திராட்சையிலும் இருக்கிறது. வாயில் கொண்டதும் எலுமிச்சையின் கூர்மை நாவின் இரு புறமும் பாய்ந்து, விழுங்கியபின் வாய் சுத்தமாகிவிட்டது.

அடுத்து வந்தது லா ரிசர்வ். கேபர்னே சோவினியோனும் ஷிராஸும் கலந்தது. இந்நிறுவனத்துக்கு நற்பெயர் தேடித் தந்தது. நாவல்பழச் சாற்றின் கருஞ்சிவப்பு. முகர்ந்தவுடன் ஓக் மரத்தின் வனிலாவும், அதனடியில் கனிந்த கறுப்புப் பழங்களின் மணமும் எழுந்தன. பிறகு, சந்தேகத்துக்கு இடமின்றி, மிளகு. நம் ரசத்தில் தட்டிப் போடுகிற மிளகுக்கு வாசனை தருகின்ற ரோடண்டோன் என்ற பொருளே ஷிராஸ் திராட்சையின் தோலிலும் உண்டு என்பதை ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் கண்டறிந்திருக்கிறார்கள். வாயில் வைத்து உருட்டியபோது ஈறும் கன்னமும் உலர்ந்து இறுகின. பாக்கை மென்று பழகிய எங்கள் ஊர்க்காரருக்கு இந்த இறுக்கம் புதிதன்று. கொட்டைப்பாக்கின் துவர்ப்புக்கும் இதற்கும் மூலம் ஒன்றே, டானின். நல்ல சிவப்பு ஒயினில் இந்தத் துவர்ப்பு முதலில் பிடித்து, பிறகு மெதுவாக விட்டுக்கொடுத்து, பழச்சுவையை நெடுநேரம் நிறுத்திச் செல்லும். அந்த நீடிப்பின் அளவுதான் அதன் தரத்துக்கு அளவு. சுவைத்ததை உமிழ அங்கே ஒரு பாத்திரம் வைத்திருந்தார்கள்; நம் திண்ணைகளில் இருந்த படிக்கத்தின் வேலைதான் அதற்கும். பல வகைகளைச் சுவைத்தும் தெளிவு குன்றாதிருப்பதற்கு அதுவே வழி.

அங்கே நின்றபோது என் மனம் கம்பம் பள்ளத்தாக்கை எண்ணிற்று. 1832-இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழகத்துக்குக் கொண்டுவந்தார் என்று சொல்லப்படும் மஸ்கட் ஹாம்பர்க் ரகமே நாம் பன்னீர் திராட்சை என்று அன்புடன் அழைப்பது. கம்பத்தில் அது ஆண்டு முழுவதும் காய்க்கிறது. சோழவந்தான் வெற்றிலையும் கம்பம் பன்னீர் திராட்சையும் 2023-இல் புவிசார் குறியீடு பெற்றன. உண்பதற்குப் பன்னீர் திராட்சைக்கு இணையில்லை. ஆனால் நல்ல ஒயினுக்கு வேண்டிய துவர்ப்பும் கட்டுறுதியும் அதனிடம் குறைவு. ஒயினுக்கென ரகம் தேர்ந்து, விளைச்சலைக் குறைத்து, பல ஆண்டு பொறுமையுடன் காத்திருக்கும் முயற்சி நம் மலைச்சரிவுகளிலும் நடக்கவேண்டும் என்பது என் ஆசை.

மதுரைச் சமையலுக்கு எது பொருந்தும் என்று கேட்பவர்களுக்கு என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். மிளகாய்க் காரத்தோடு சேர்ந்தால் சிவப்பின் துவர்ப்பும் ஆல்கஹாலின் சூடும் இரட்டிப்பாகித் தொண்டையை எரிக்கும். ஆகவே அயிரை மீன் குழம்புக்கும் கோழி வறுவலுக்கும், குளிர்ந்த, சற்றே இனிப்புள்ள செனின் பிளாங்க் போன்ற வெள்ளையே ஏற்றது. சிவப்பை, காரம் குறைத்து மிளகு தூக்கலாகச் செய்த ஆட்டுக்கறிக்கு வைத்துக்கொள்ளலாம். வெள்ளையை வாங்குகிறவர்கள் புட்டியின் மேலுள்ள அறுவடை ஆண்டைப் பார்த்து, இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் பருகிவிடுவது நல்லது. நம் ஊர்ச் சூட்டில் அலமாரியில் நின்ற புட்டியை வாங்கவே வேண்டாம். மதுவில் தீங்கற்ற அளவு என்று ஒன்று இல்லை என உலக சுகாதார நிறுவனம் 2023-இல் கூறியிருப்பதையும் மறவாதீர்கள்: பழக்கமில்லாதவர்கள் இதற்கெனத் தொடங்க வேண்டியதில்லை, பழக்கமுள்ளவர்கள் ஒரு கிண்ணத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.