அக்கியும் 72 மணி நேரமும்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கன்னியாகுமரி மாவட்டத்தில் வாழ்ந்தோர் 18,70,374 பேர். அக்கி ஆண்டுக்கு 1,000 பேரில் 3 முதல் 5 பேருக்கு வருகிறது என்பது ஐரோப்பா, வட அமெரிக்கா, ஆசிய-பசிபிக் நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்த கணக்கு. அதை இங்கே பொருத்தினால் ஆண்டுக்கு 5,611 முதல் 9,352 பேர். இது மதிப்பீடுதான், வீடு வீடாக எண்ணியதல்ல. வயது ஏற ஏற விகிதமும் ஏறுகிறது: 60 வயதில் 1,000-க்கு 6 முதல் 8, 80 வயதில் 8 முதல் 12.

சிறுவயதில் வந்த சின்னம்மையின் வைரஸ் நரம்பு முடிச்சுகளில் தங்கி, பின்னாளில் அக்கியாகக் கிளம்புகிறது. அக்கி கண்டவர்களில் 10 முதல் 20 விழுக்காட்டினருக்கு அது நெற்றி, இமைப் பகுதியில் வருகிறது; இதுவே கண் அக்கி. மாவட்டக் கணக்கில் 561 முதல் 1,870 பேர். கொப்புளம் நெற்றியின் ஒரு பக்கத்தில் மட்டும் வரிசைகட்டி, நடுக்கோட்டில் நின்றுவிடும். விடியுமுன் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டப் போகிறவர் இதைப் பூச்சிக்கடி என்று எண்ணினால் வியப்பில்லை. மருந்து எடுக்காவிட்டால் கண் அக்கி கண்டவர்களில் ஏறத்தாழ 50 விழுக்காட்டினருக்குக் கண்ணே பாதிக்கப்படுகிறது. அதாவது 280 முதல் 935 பேர். மூக்கு நுனியிலும் கொப்புளம் இருந்தால் அந்த வாய்ப்பு 4-ல் 3 அளவுக்கு உயர்கிறது.

கண்ணை அசைக்கும் 3, 4, 6-ஆம் மூளை நரம்புகள் தளர்ந்தால் இமை தொங்கும், காண்பது இரண்டாகத் தெரியும். கண் அக்கியில் இது 5 விழுக்காடு என்பாரும் உண்டு, 31 விழுக்காடு என்பாரும் உண்டு. ஆறு மடங்கு இடைவெளி உள்ள எண்ணை வைத்து மாவட்டக் கணக்குப் போடுவது சரியாகாது. காதில் அக்கி கண்டு 7-ஆம் நரம்பு செயலிழந்து வாய் கோணியவர்கள் பற்றிய எண் இதைவிடத் தெளிவானது. ஜப்பான் மருத்துவர்கள் 1997-இல் வெளியிட்ட ஆய்வில், 3 நாளுக்குள் வைரஸ் எதிர்ப்பு மருந்தான அசைக்ளோவிரும் ஸ்டீராய்டும் தொடங்கிய 28 பேரில் 21 பேர் (75 விழுக்காடு) முழுமையாகத் தேறினர். 7 நாள் கடந்து தொடங்கிய 23 பேரில் தேறியவர் 7 பேர் (30 விழுக்காடு).

கண் அக்கிக்கும் மருந்து தொடங்க மருத்துவர்கள் சொல்லும் கெடு 72 மணி நேரம். நம் ஊர்களில் காவிமண்ணைக் குழைத்து அக்கி எழுதுவதும் வழக்கமாக 3 நாள்; அதுவும் 72 மணி நேரம். எழுதி முடித்து, பலன் பார்த்து, பிறகு ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனால் 4-ஆம் நாளோ 5-ஆம் நாளோ ஆகிவிடும். எழுதிக்கொள்வதை நான் குறை சொல்லவில்லை. அன்றைக்கே மாத்திரையும் தொடங்கலாம், இரண்டுக்கும் முரண் இல்லை. மாத்திரைக் கணக்கு சிறியது: 800 மில்லிகிராம் அசைக்ளோவிர், நாளுக்கு 5 வேளை, 7 நாளுக்கு 35 மாத்திரை, மொத்தம் 28 கிராம்.

தடுப்பூசியின் கணக்கு வேறு. 50 வயது கடந்த 15,411 பேரிடம் நடந்த ஆய்வில், ஊசி போட்டவர்களில் 6 பேருக்கும் போலி ஊசி போட்டவர்களில் 210 பேருக்கும் அக்கி வந்தது, பாதுகாப்பு 97.2 விழுக்காடு. அந்த ஊசி இந்தியாவில் 2023-இல் விற்பனைக்கு வந்தது. 2 தவணை தேவை. ஒரு தவணை 10,000 ரூபாய்க்கு மேல். 2024-25-இல் தமிழ்நாட்டில் 100 நாள் வேலைக்கான கூலி நாளுக்கு 319 ரூபாய். 20,000 ரூபாய் என்றே குறைத்து வைத்தாலும் அது 63 நாள் கூலி.