பந்து வருவதற்கு முந்தைய வேலை

டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள், இது கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டிய விஷயம். ஃபுட்பால் பார்க்கிற நண்பர்கள் பலர் கேட்பதுதான்: மற்ற பத்துப் பேர் தொண்ணூறு நிமிஷமும் நுரை தள்ள ஓடுகிறார்கள், கோல்கீப்பர் மட்டும் சும்மாதானே நிற்கிறார்?

இதற்குப் பதிலாக நான் எப்போதும் பெட்ர் செக்கின் கதையைத்தான் எடுப்பேன். செக் நாட்டின் பில்சன் நகரில் 1982-ல் பிறந்தவர். உள்ளூர் கிளப்புகள், பிரான்சின் ரென் அணி என்று வளர்ந்து, 2004-ல் லண்டனின் செல்சிக்கு வந்தார். அங்கே பதினொரு வருஷம், பிறகு ஆர்சனலில் நாலு வருஷம். பிரீமியர் லீக்கில் 202 ஆட்டங்களில் ஒரு கோல்கூட விடாமல் திரும்பியவர். அந்த லீக்கில் வேறெந்தக் கீப்பரும் அந்த எண்ணிக்கையைத் தொட்டதில்லை.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். கோலின் அகலம் 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர். செக் கிட்டத்தட்ட ஆறரை அடி உயரம். அவ்வளவு உயரமானவர் இரண்டு கையையும் விரித்து நின்றாலும் கோலில் பெரும்பகுதி திறந்துதான் கிடக்கும். பெனால்டி அடிக்கும் புள்ளி 11 மீட்டர் தூரத்தில். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் அடித்த பந்து அந்தத் தூரத்தை 0.4 விநாடியில் கடந்துவிடும். கண் பார்த்து, மூளை முடிவுசெய்து, உடம்பு ஓரக் கம்பம்வரை பாய அந்த நேரம் போதாது. பந்து காலை விட்டுக் கிளம்பிய பிறகு யோசிக்கிற கீப்பர் தோற்றுப்போன கீப்பர். அப்படியென்றால் அவர் எப்போது யோசிக்கிறார்?

2012 மே 19, மியூனிக். ஐரோப்பாவின் சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டம். பயர்ன் மியூனிக் தன் சொந்த மைதானத்தில், சொந்த ஊர்க்காரர்கள் முன்னால் செல்சியோடு மோதியது. 83-வது நிமிஷம் முல்லர் கோல் போட்டார். கோப்பை பயர்னுக்குத்தான் என்று எல்லோரும் நினைத்த நேரத்தில், 88-வது நிமிஷம் ட்ரோக்பா தலையால் முட்டிச் சமன் செய்தார். கூடுதல் நேரம் தொடங்கியதும் பயர்னுக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. அடிக்க வந்தவர் ஆர்யன் ராபன். மூன்று வருஷம் செல்சியில் செக்கோடு ஒன்றாக ஆடியவர், பயிற்சியில் எத்தனையோ பந்துகளை இதே மனிதரை நோக்கி அடித்தவர். செக் சரியான பக்கம் விழுந்தார், பந்தையும் அடக்கிவிட்டார்.

ஆட்டம் பெனால்டிகளுக்குப் போனது. லாம், கோமெஸ், பயர்ன் கீப்பர் நோயர் மூவரும் கோல் போட்டார்கள். ஆனால் செக் எந்தப் பக்கம் விழுந்தார் என்று கவனியுங்கள்: மூன்று முறையும் பந்து போன பக்கம்தான். நாலாவதாக வந்த ஓலிச்சின் பந்தைத் தடுத்தார். ஐந்தாவது ஷ்வைன்ஸ்டைகர் அடித்தது அவர் விரல் நுனியில் பட்டுக் கம்பத்தில் மோதித் திரும்பியது. அடுத்து ட்ரோக்பா கோல் போட, கோப்பை செல்சிக்கு. ராபனையும் சேர்த்து ஆறு பெனால்டி, ஆறு முறையும் சரியான பக்கம். மறுநாள் அவருக்கு முப்பதாவது பிறந்தநாள்.

இதை அதிர்ஷ்டம் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆட்டத்துக்கு முன்பு, 2007 முதல் பயர்ன் வீரர்கள் அடித்த பெனால்டிகளைத் தொகுத்த டிவிடியை உட்கார்ந்து பார்த்திருந்தார் செக். யார் எந்தப் பக்கம் விரும்புகிறார், ஓடிவரும்போது எங்கே நிதானிக்கிறார், அழுத்தம் கூடினால் பழைய பழக்கத்துக்கே திரும்புகிறாரா என்பதையெல்லாம் அங்கேயே பார்த்துவிடலாம். மைதானத்தில் நாம் பார்த்தது அந்த வேலையின் கடைசி அரை விநாடிதான்.

பெனால்டி எப்போதோ வருவது. மற்ற நேரத்தில்? எதிரணி ஃபார்வர்டு தனியாகப் பந்தோடு வரும்போது கீப்பர் கோலை விட்டு முன்னே ஓடிவருவதைப் பார்த்திருப்பீர்கள். கோலை அநாதையாக விட்டுவிட்டு ஏன் வருகிறார் என்று சிலர் கத்துவார்கள். விளக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனால் சுவரில் நிழல் பெரிதாகிறதல்லவா, கணக்கு அதேதான். பந்தை நெருங்க நெருங்க, கீப்பரின் உடம்பு பின்னாலிருக்கும் கோலை அதிகமாக மறைக்கிறது. ஆனால் ரொம்ப முன்னே வந்தால் தலைக்கு மேலே தூக்கிப் போட்டுவிடுவார்கள். எத்தனை அடி முன்னே வருவது, எந்த நொடியில் நிற்பது என்பதில்தான் இந்தத் தொழிலின் பாதி சூட்சுமம். நிற்கிற இடம் சரியாக இருந்தால் பந்து நேராகக் கைக்கே வரும். நாம் அதைக் கைதட்டாமல் கடந்துபோகிறோம். பறந்து தடுக்கிற படங்கள்தான் பத்திரிகையில் வருகின்றன.

அடுத்தது குரல். மைதானம் முழுவதையும் எதிரே வைத்துப் பார்க்கிறவர் கீப்பர் ஒருவர்தான். முன்னே நிற்கும் டிஃபெண்டர்களுக்கு முதுகுப் பக்கம் யார் வருகிறார் என்று தெரியாது, அதை இவர்தான் சொல்ல வேண்டும். செக் இதற்காகவே மொழிகளைக் கற்றுக்கொண்டார் என்றே சொல்லலாம். ஆர்சனலில் அவர் முன்னே நின்றவர்களில் பிரெஞ்சு பேசுபவர், ஜெர்மன் பேசுபவர், ஸ்பானிஷ் பேசுபவர் எல்லோரும் இருந்தார்கள். அவரவரிடம் அவரவர் மொழியிலேயே பேசினார். ஆபத்தான நொடியில் தாய்மொழியில் விழுகிற ஒரு சொல்லுக்கு உடம்பு உடனே திரும்பும்.

இனி ஆபத்தின் பக்கம். 2006 அக்டோபர் 14, ரீடிங் அணியோடு ஆட்டம். தொடங்கி ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. பாக்ஸுக்குள் வந்த பந்தைப் பிடிக்க செக் தரையில் சரிந்தார். ஓடிவந்த ஸ்டீபன் ஹன்ட்டின் முழங்கால் அவர் தலையில் மோதியது. கால்களுக்கு நடுவே விழும் கீப்பருக்கு இரண்டு கையும் பந்தின்மேல் இருக்கும், தலையைக் காக்கக் கை மிச்சமிருக்காது. மண்டையோடு உள்நோக்கி உடைந்தது. ஆக்ஸ்ஃபோர்டில் அறுவை செய்து உலோகத் தகடுகளைப் பொருத்தினார்கள். அன்றைக்கே அவருக்குப் பதிலாக இறங்கிய குடிச்சினியும் மோதலில் மயங்கி விழ, கடைசி நிமிஷங்களில் டிஃபெண்டர் ஜான் டெர்ரி கையுறை மாட்டிக்கொண்டு கோலில் நின்றார்.

மூன்று மாதம் கழித்து, 2007 ஜனவரி 20-ல், லிவர்பூலின் ஆன்ஃபீல்டு மைதானத்தில் செக் திரும்பி வந்தார். தலையில் ரக்பிக்காரர்கள் போடுகிற கறுப்பு மெத்தைக் கவசம். நாலாவது நிமிஷமே ஒரு கோல். ஆட்டம் 2-0 என்று தோல்வி. ஆனாலும் அவர் வாழ்க்கையின் மிகப் பெரிய நாள் எது என்று கேட்டால் நான் மியூனிக்கைச் சொல்ல மாட்டேன், இந்தத் தோல்வி நாளைத்தான் சொல்வேன். உடைந்த தலையோடு மறுபடியும் இன்னொருவன் காலடியில் விழ உடம்பைப் பழக்குவது கோப்பை வெல்வதைவிடக் கடினம். கவசத்தை அவர் ஓய்வு பெறும்வரை கழற்றவில்லை.

கீப்பரின் தவறுக்கு ஒளியவும் இடமில்லை. ஃபார்வர்டு பத்து வாய்ப்பை வீணடித்து ஒரு கோல் போட்டால் நாயகன். கீப்பருக்கோ ஒரே ஒரு தவறு போதும், எல்லாம் போய்விடும். 2008 ஐரோப்பியக் கோப்பையில் துருக்கிக்கு எதிராக செக் நாட்டு அணி 2-0 என்று முன்னிலையில் இருந்தது. துருக்கி ஒரு கோல் திருப்பிய பிறகு, 87-வது நிமிஷம் உயரே வந்த சாதாரண கிராஸ் ஒன்று செக்கின் கையிலிருந்து நழுவியது. நிஹாத் அதைக் கோலாக்கினார், இரண்டு நிமிஷத்தில் இன்னொன்றும் போட்டார். செக் நாடு 3-2 என்று தோற்று வெளியேறியது. அதன் பிறகும் அவர் நாட்டுக்காகத் தொடர்ந்து ஆடி, மொத்தம் 124 ஆட்டங்கள் என்ற கணக்கில் ஓய்வு பெற்றார்.

இன்னொரு கஷ்டமும் உண்டு. அணியில் இந்த இடம் ஒன்றே ஒன்று. நடுக்களத்தில் ஆடுபவரை ஓரத்துக்கு மாற்றிப் பார்க்கலாம், கீப்பரை வேறெங்கும் மாற்ற முடியாது. 2014-ல் செல்சிக்கு இளம் கீப்பர் கூர்த்துவா வந்ததும், பத்து வருஷமாகத் தனதாக இருந்த கோலை செக் பெஞ்சில் உட்கார்ந்து பார்க்க வேண்டியதாயிற்று. மறுவருஷம் ஆர்சனலுக்குப் போனார்.

2019 மே மாதம் பாகு நகரில் நடந்த யூரோப்பா லீக் இறுதி ஆட்டம்தான் அவருக்குக் கடைசி. எதிரணி அவருடைய பழைய செல்சி, ஆர்சனல் 4-1 என்று தோற்றது. ஃபுட்பாலை விட்ட அதே ஆண்டு அக்டோபரில், சிறுவயது முதல் ஆசைப்பட்ட ஐஸ் ஹாக்கியில் கில்ட்ஃபோர்ட் ஃபீனிக்ஸ் என்ற சிறிய அணிக்கு இறங்கினார். அங்கேயும் கோல்கீப்பர்தான். முதல் ஆட்டமே பெனால்டிவரை போக, அதில் இரண்டைத் தடுத்து அணியை ஜெயிக்க வைத்தார்.