அதட்டினால் அடங்காது

துறுதுறு குழந்தையைக் கட்டிப்போடத் தேவையில்லை. பாடத்தைத் துண்டு போட்டாலே பாதி வெற்றி

கணக்கு நோட்டைத் திறந்து இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது. பென்சில் கீழே உருளும். எடுக்கப்போன பையன் ஜன்னலருகே நிற்பான். அடுத்த நிமிஷம் பின் பெஞ்சில் அடிதடி. 'சரியான வாலு' என்று உறவினர்கள் சிரிக்கலாம், பள்ளிக்கூடம் சிரிப்பதில்லை. 'வளர்த்த லட்சணம்' என்ற பழி பெரும்பாலும் அம்மாவின் தலையில்தான் விழுகிறது.

துறுதுறுப்பான பிள்ளைகள் எல்லோருக்கும் கோளாறு என்று அர்த்தமல்ல. ஆனால் கவனக்குறைவும் மிதமிஞ்சிய துறுதுறுப்பும் சேர்ந்த 'ஏ.டி.எச்.டி.', உலகெங்கும் 100 குழந்தைகளில் சுமார் 5 பேருக்கு இருப்பதாக மதிப்பிடப்படுகிறது. அறிகுறிகள் 12 வயதுக்குள் தோன்றி, ஆறு மாதமாவது நீடித்து, வீடு, பள்ளி என இரண்டு இடங்களிலாவது தென்பட வேண்டும் என்பது டாக்டர்களின் அளவுகோல். பள்ளியில் மட்டும் பிரச்னை என்றால் காது மந்தமோ, பார்வைக் குறைவோ, எழுத்துகளைப் படிப்பதில் சிரமமோ காரணமாக இருக்கலாம்.

இது வளர்ப்பின் குற்றமும் அல்ல. 2007-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், இக்குழந்தைகளின் மூளை மேற்பரப்பு சராசரியாக மூன்று ஆண்டு தாமதமாக முதிர்வது தெரியவந்தது. தாமதம் அதிகம் காணப்பட்டது, கவனத்தையும் கட்டுப்பாட்டையும் கவனிக்கும் முன்பகுதியில்தான். அவனால் 'முடியவில்லை' என்பதைப் பெரியவர்கள் 'மாட்டேன்' என்று படித்துவிடுகிறார்கள்.

அப்படியானால் வழி? எட்டி நின்று கத்தாமல், அருகே போய், முகம் பார்த்து ஒரு நேரத்தில் ஒரே ஒரு வேலையைச் சொல்ல வேண்டும். 40 நிமிஷ வீட்டுப்பாடத்தை நான்கு துண்டாக்கலாம். நடுவே மொட்டை மாடியில் இரண்டு சுற்று ஓட்டம். ஓடி முடித்த பிறகு உட்காருவது சுலபம். முழுப் பரீட்சைக்குச் சைக்கிள் என்ற வாக்குறுதி வெகுதூரத்தில் இருக்கிறது. முடித்த ஐந்து கணக்குக்கு அப்போதே கிடைக்கும் பாராட்டுதான் பலிக்கும். தூங்கும் நேரம் தினமும் ஒன்றாக இருக்கட்டும். வகுப்பில் ஜன்னலை விட்டுத் தள்ளி முன்வரிசை இடமும், கரும்பலகை துடைக்கும் வேலையும் தந்தால் கால்களுக்கும் வடிகால் கிடைக்கும்.

ஆறு வயதுக்குக் கீழே பெற்றோருக்கான பயிற்சியே முதல் சிகிச்சை. பெரிய குழந்தைகளுக்குத் தேவைப்பட்டால் மெத்தில்ஃபெனிடேட் போன்ற மருந்து உண்டு. இந்தியாவில் இது கட்டுப்படுத்தப்பட்ட மருந்து என்பதால் டாக்டர் சீட்டின்றித் தொடவே கூடாது. பரிசோதனைக்கு பெங்களூர் நிம்ஹான்ஸ் முதல் அரசு மருத்துவக் கல்லூரிகளின் மனநலப் பிரிவுகள் வரை அணுகலாம்.

சிக்கல் சட்டத்தில். 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. கற்றல் குறைபாட்டுக்கு அதில் இடம் உண்டு, ஏ.டி.எச்.டி.க்குத் தனி இடம் இல்லை. ஆகவே, அந்த முன்வரிசை பெஞ்ச் கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் பெரும்பாலும் ஆசிரியரின் மனசைப் பொறுத்த விஷயமாகவே இருக்கிறது.