குரைக்கிற நாய்க்கு என்ன கிடைக்கிறது?

கொரியர்காரர் வாசலில் வந்து நிற்கிறார். உள்ளே நாய் தொண்டை கிழியக் குரைக்கிறது. அவர் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார். வேலை முடிந்ததால் போனார் என்று நமக்குத் தெரியும். நாய்க்குத் தெரியாது. அதன் கணக்கில் நடந்தது இதுதான்: யாரோ வந்தான், நான் குரைத்தேன், ஓடிப்போனான். மளிகை, சாப்பாடு, பொட்டலம் என்று தினமும் நாலு பேர் வந்துபோகிற வீட்டில் அது தினமும் நாலு முறை ஜெயிக்கிறது. அப்புறம் அழைப்புமணி அடித்தாலே தலைகால் தெரியாமல் கத்துவதில் என்ன ஆச்சரியம்?

வீட்டு நாய்கள் கொடுக்கும் தொல்லைகளில் பெரும்பாலானவற்றுக்கு அடியில் இப்படி ஒரு கணக்கு இருக்கிறது. எதைச் செய்தால் ஏதாவது கிடைக்கிறதோ அதை நாய் மறுபடியும் செய்யும். ஒன்றும் கிடைக்காததை மெல்ல விட்டுவிடும். கிடைப்பது தீனியாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. நாம் திரும்பிப் பார்ப்பதும் தொடுவதும் லாபம்தான். பகல் முழுக்கத் தனியாகக் கிடந்த நாய்க்கு நம் அதட்டல்கூட லாபம். பயமுறுத்துகிற ஒன்று விலகிப்போவது எல்லாவற்றிலும் பெரிய லாபம். ஆகவே ஒரு பழக்கத்தை மாற்ற நினைப்பவர், இதனால் இதற்கு என்ன கிடைக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

சாப்பாட்டு நேரத்துக் குரைப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். தட்டில் கை வைத்ததும் நாய் வந்து நிற்கிறது, குரைக்கிறது. தொல்லை தாங்காமல் ஒரு துண்டு இட்லியைப் போடுகிறோம். குரைத்தால் இட்லி என்ற பாடம் முடிந்தது. இதை மாற்ற முடிவெடுத்து, ஒரு வாரம் ஒன்றுமே போடாமல் இருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். முதல் சில நாட்கள் குரைப்பு குறையாது; கூடும். இதுவரை பலித்தது திடீரென்று பலிக்கவில்லையே என்று நாய் இன்னும் உரக்கக் கத்திப் பார்க்கும். பெரும்பாலான வீடுகள் தோற்பது இந்த இடத்தில்தான். 'போட்டுத் தொலை' என்று யாராவது ஒருவர் இறங்கிவந்தால், இவ்வளவு உரக்கக் கத்தினால்தான் கிடைக்கும் என்று அது புதிதாகக் கற்றுக்கொள்ளும். அம்மாவும் பிள்ளைகளும் கண்டிப்பாக இருக்க, தாத்தா மட்டும் நாற்காலிக்கு அடியில் முறுக்குத் துண்டை நழுவவிடுகிற வீடுகளும் உண்டு. எப்போதாவது கிடைக்கும் என்ற நம்பிக்கை, எப்போதும் கிடைப்பதைவிடப் பழக்கத்தை இறுக்கிப் பிடித்து வைக்கும். நாயைப் பழக்குவதற்கு முன் தாத்தாவோடு பேசுங்கள்.

குரைப்பதை நிறுத்துவதோடு, அதற்குப் பதிலாக என்ன செய்ய வேண்டும் என்பதையும் சொல்லிக்கொடுக்க வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் தன் பாயில் படுத்திருந்தால் அங்கேயே ஒரு துண்டு வரும். அழைப்புமணிக்கும் இதே வழி. வீட்டில் ஒருவர் வெளியே போய் மணியை அடிக்கட்டும். மணிச் சத்தம் கேட்டதும், நாய் குரைக்கத் தொடங்கும் முன்பே, உப்புப் போடாமல் வேகவைத்த கோழித் துண்டு ஒன்று பாயில் விழட்டும். பரிசு ஓரிரு நொடிக்குள் போய்ச் சேர வேண்டும். தாமதமானால் எதற்காகக் கிடைத்தது என்று நாய்க்குப் புரியாது. சில வாரங்களில் மணி கேட்டதும் வாசலுக்குப் பதில் பாய்க்கு ஓடும். கேட்டின் இடுக்கு வழியாகத் தெருவைப் பார்த்துக் குரைக்கிற நாய்க்கு வைத்தியம் இன்னும் எளிது. அந்த இடுக்கை அடைத்துவிடுங்கள்.

இதில் இனத்துக்கும் பங்கு உண்டு. பீகிள், முயலின் மோப்பம் பிடித்துக் குரல் கொடுத்துக்கொண்டே ஓடுவதற்காக வளர்த்தெடுக்கப்பட்ட நாய். அதை அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் வைத்துக்கொண்டு, குரல் கொடுக்கிறதே என்று குறைப்பட்டு என்ன பயன்? சிப்பிப்பாறை நாய் ஓடுவதற்கென்றே பிறந்தது. அதை மாமரத்தில் சங்கிலியால் கட்டிப்போட்டால் அந்த வேகமெல்லாம் குரைப்பாகவும் குழி தோண்டலாகவும் வெளியே வரும். பல வீடுகளில் நாய்க்குக் கோளாறு ஒன்றுமில்லை. காலையிலும் மாலையிலும் அரைமணி நேரம், வழியில் கண்டதையெல்லாம் மோந்து பார்க்க விட்டு நடத்திக்கொண்டு போனால் பாதித் தொல்லை தீர்ந்துவிடும்.

அடுத்து, தண்டனை. வீடு திரும்பினால் செருப்பு குதறப்பட்டுக் கிடக்கிறது. நாய் காதை மடக்கி, முகத்தைத் திருப்பி, வாலை ஒடுக்கி நிற்கிறது. 'பண்ணின தப்பு அதுக்கே தெரியுது பாருங்க' என்கிறோம். தெரியாது. அமெரிக்க ஆய்வாளர் அலெக்ஸாண்ட்ரா ஹொரோவிட்ஸ் இதைச் சோதித்து 2009-இல் வெளியிட்டார். ஒரு தின்பண்டத்தைக் காட்டி, தொடாதே என்று சொல்லிவிட்டு உரிமையாளர் அறையை விட்டுப் போவார். திரும்பி வரும்போது, நாய் தின்றுவிட்டதா இல்லையா என்று அவருக்குச் சொல்லப்படும். சில சமயம் பொய்யாகச் சொல்லப்படும். அந்தக் 'குற்றவாளி முகம்' தின்ற நாயிடம் கூடுதலாகத் தெரியவில்லை. திட்டு வாங்கிய நாயிடம்தான் தெரிந்தது, அது தின்றிருந்தாலும் தின்னாவிட்டாலும். நாம் குற்ற உணர்ச்சி என்று படிப்பது, நம் கோபத்தைப் பார்த்து வந்த பயம்.

குட்டி வீட்டுக்குள் சிறுநீர் கழித்தால் மூக்கைப் பிடித்து அதில் தேய்க்கிற பழக்கத்தையும் இதனால்தான் விடச் சொல்கிறார்கள். மனிதர் பார்க்கும்போது போகக் கூடாது என்றுதான் குட்டி கற்றுக்கொள்ளும். நாளையிலிருந்து சோபாவுக்குப் பின்னால் போகும். தூங்கி எழுந்ததும், தின்றதும், விளையாடி முடித்ததும் வெளியே கொண்டுபோங்கள். சிறுநீர் போனவுடன் அங்கேயே பாராட்டுங்கள். இரண்டு மாதக் குட்டியால் மூன்று மணி நேரத்துக்கு மேல் அடக்க முடியாது. ஃபினாயில் வாசனை நம் மூக்கை மட்டும்தான் ஏமாற்றும். நாய்க்குப் பழைய வாடை அங்கேயே இருக்கும், அதே இடத்துக்குத்தான் மறுபடி வரும். சிறுநீர்க் கறைக்கென்று விற்கிற நொதிக் கரைசல் அந்த வாடையையே நீக்கும்.

செருப்பு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 28 பால்பற்கள் விழுந்து 42 பற்கள் முளைக்கிற காலம், சுமார் நாலாம் மாதத்திலிருந்து ஏழாம் மாதம் வரை, குட்டி எதையாவது கடித்துக்கொண்டுதான் இருக்கும். கடிக்கத் தகுந்ததைக் கொடுங்கள், செருப்பை அலமாரியில் வையுங்கள்.

'நான்தான் எஜமான் என்று காட்டாவிட்டால் தலைக்கு மேல் ஏறிவிடும்' என்று சொல்லி, நாயை மல்லாத்தி அமுக்குகிற பயிற்சியாளர்கள் இன்னும் இருக்கிறார்கள். இதன் வேர், 1947-இல் ருடால்ஃப் ஷென்கெல் அடைபட்ட ஓநாய்களைப் பார்த்து எழுதிய ஆய்வு. அதைப் பரப்பியதில் டேவிட் மெக் 1970-இல் எழுதிய ஓநாய் நூலுக்குப் பெரிய பங்கு உண்டு. அதே மெக், காட்டு ஓநாய்களை ஆண்டுக்கணக்கில் பார்த்த பிறகு, கூட்டம் என்பது தாயும் தகப்பனும் பிள்ளைகளும் கொண்ட குடும்பம்தான், பதவிச் சண்டை இல்லை என்று 1999-இல் எழுதினார். பழைய நூலை அச்சிடுவதை நிறுத்தும்படி பதிப்பாளரையும் கேட்டுக்கொண்டார். எழுதியவரே கைவிட்டதை நாம் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

உறுமலை அடித்து அடக்குவது இதைவிட ஆபத்து. உறுமல் என்பது 'விலகு' என்ற எச்சரிக்கை. அதற்கு முன்பே நாய் சின்னச் சின்னக் குறிப்புகள் கொடுத்திருக்கும்: தூக்கம் வராதபோதும் கொட்டாவி விடும், மூக்கை நக்கிக்கொள்ளும், முகத்தைத் திருப்பும், கண்ணின் வெள்ளை தெரியும், உடம்பு விறைக்கும். இவை எதையும் நாம் கவனிக்காதபோதுதான் உறுமுகிறது. உறுமியதற்கு அடி விழுந்தால் அடுத்த முறை உறுமாது, நேராகக் கடிக்கும். 'குரைக்கிற நாய் கடிக்காது' என்ற பழமொழியை நம்பிக் குழந்தையை அருகில் விடாதீர்கள். வாலாட்டுவதும் எப்போதும் நட்பல்ல. விறைத்த உடம்போடு வாலை உயர்த்தி ஆட்டினால் ஒதுங்கி நில்லுங்கள்.

தட்டருகே போனால் உறுமுகிற நாயிடம், பலத்தைக் காட்டத் தட்டைப் பிடுங்குவது அதன் சந்தேகத்தை உறுதிப்படுத்தும். சற்றுத் தள்ளி நடந்துபோகும்போதே தட்டை நோக்கி ஒரு கோழித் துண்டைப் போட்டுவிட்டுப் போங்கள். மனிதர் வந்தால் கூடுதலாகக் கிடைக்கும் என்று ஆகிவிட்டால் உறுமக் காரணம் இருக்காது. குழந்தைகளை இந்தப் பயிற்சிக்கு அனுப்பாதீர்கள்.

தீபாவளிப் பயத்துக்குப் பழக்கம் காரணமல்ல, காது காரணம். நமக்கு 20,000 ஹெர்ட்ஸோடு முடிகிற கேட்கும் திறன் நாய்க்கு 40,000-க்கும் மேல் போகிறது. நடுங்குகிற நாயைத் தடவிக்கொடுத்தால் பயம் வளரும் என்பது தவறான எண்ணம், பக்கத்தில் இருங்கள். ஜன்னல்களைச் சாத்தி, உள் அறையில் டிவியை ஓடவிடுங்கள். வெடிச்சத்தப் பதிவை மிக மெல்லிய ஒலியில் வைத்துத் தின்பண்டம் கொடுத்துப் பழக்குவதை இரண்டு மூன்று மாதம் முன்பே தொடங்க வேண்டும். மிகவும் மிரளும் நாய்களுக்கு மருந்தும் உண்டு. அதைக் கால்நடை மருத்துவர்தான் தர வேண்டும். வீட்டிலிருக்கும் தூக்க மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள்.

கடைசியாக ஒன்று. எட்டு வயதுவரை சாதுவாக இருந்த நாய் திடீரென்று தலையைத் தொட்டால் கடிக்க வருகிறது என்றால் பயிற்சியாளரைத் தேட வேண்டாம். காதில் சீழ் இருக்கலாம், பல் சொத்தையாக இருக்கலாம், இடுப்பு மூட்டு வலிக்கலாம். கடிக்க வந்தால் கை விலகுகிறது, வலி வராமல் போகிறது. அவ்வளவுதான் அதன் கணக்கு. முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். பல் பட்டுவிட்டால், தடுப்பூசி போட்ட சொந்த நாயாகவே இருந்தாலும், ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவரைப் பாருங்கள். அரசு மருத்துவமனைகளில் வெறிநாய்க்கடித் தடுப்பூசி இலவசம்.