கல்லில் எழுதாத நினைவு

இறந்தாரை நினைவுகூரும் முறைகள் நம்மவரிடையே பல உள. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியின்போது வமிச வரலாறும் புலம்பற் பாக்களும் அடங்கிய ‘கல்வெட்டு’ அச்சிட்டு வழங்குகின்றோம். வசதியுள்ளோர் கோயிலில் ஒரு மண்டபமோ, கல்லூரியில் ஒரு பரிசு நிதியோ நிறுவுவர். கருவுற்ற நிலையில் மாண்ட பெண்ணின் பெயரால் வழியோரத்தில் சுமைதாங்கி எழுப்பிய காலமும் இருந்தது. நம் முன்னோரின் நுண்ணுணர்வுக்கு அதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. இவை யாவும் கண்ணுக்குப் புலனாவன. பெயர் பொறிக்கத் தக்கன. ஆனால் மருத்துவ ஆராய்ச்சிக்கென ஒருவர் கொடுக்கும் பொருள் எந்தக் குழாயில், எந்தக் கண்ணாடித் தட்டில் சென்று சேர்ந்தது என்பதை அவர் ஒருபோதும் காண்பதில்லை. அதனாலேயே போலும், அவ்வகைக் கொடை நம்மிடையே இன்னும் வேரூன்றவில்லை.

அரிதாக வரும் நோய்களின் பாடு இதனினும் இரங்கத்தக்கது. நீரிழிவுக்கு மருந்து காண்பவன் கோடிக்கணக்கானோருக்கு அதனை விற்கலாம். ஒஸ்ரியோசார்க்கோமா என்னும் எலும்புப் புற்றுநோயோ, பரந்த அமெரிக்க ஐக்கிய நாடுகளிலேயே ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 1,000 பேரைத்தான் பற்றுகிறது. வணிகக் கண்கொண்டு நோக்குவார்க்கு இஃது ஒரு தொகையன்று. அந்த ஆயிரவருள் ஏறத்தாழப் பாதிப்பேர் எலும்பு விரைந்து வளரும் பருவத்துப் பிள்ளைகள். முழங்காலை அடுத்த பகுதியிலேயே இந்நோய் மிகுதியும் தோன்றும். விளையாட்டிற் பட்ட அடியென்று எண்ணி நாட்களைப் போக்கிவிடுதல் எளிது. இரவிலும் விடாது, வாரக்கணக்கில் நீடிக்கும் நோவையும் வீக்கத்தையும் எண்ணெய் தடவி ஆற்றிவிட முயலாது வைத்தியரிடம் காட்டுதல் பெற்றோர் கடனாம்.

கனடாவிலே, பிரித்தானிய கொலம்பியா மாகாணத்து ரெறி பொக்ஸ் என்னும் இளைஞருக்கு நேர்ந்ததும் இதுவே. கூடைப்பந்தாட்டத்தில் ஈடுபாடுடைய அவர் வலது முழங்கால் நோவைப் பொருட்படுத்தாது விட்டிருந்தார். 1977 மார்ச்சு மாதம் நோய் இன்னதென்று தெரிந்தது. பதினெட்டு வயதில், முழங்காலுக்கு ஆறு அங்குலம் மேலாக அவர் கால் துணிக்கப்பட்டது. பிழைப்பதற்கு நூற்றுக்கு ஐம்பது பங்கு வாய்ப்புண்டு என்றனர் மருத்துவர். இரண்டாண்டு முன்னர் வந்திருப்பின் பதினைந்தே என்றும் கூறினர். எம் மாணவர் இவ்விரண்டு எண்களையும் சற்றே நின்று நோக்குதல் வேண்டும். நோய் மாறவில்லை, உடம்பும் மாறவில்லை. இடையிலே மாறியது ஆராய்ச்சி ஒன்றே. ரெறி அதனை நன்குணர்ந்தார். சிகிச்சை பெற்ற பதினாறு திங்களும் தம்மைச் சூழ்ந்து கிடந்த பிள்ளைகளின் வேதனையையும் அவர் கண்டார்.

அந்த மாற்றத்துக்குத் துணைநின்ற மருந்துகளுள் மெதோட்ரெக்சேற் ஒன்று. அதன் வரலாற்றிலே நமக்கு அயலாரல்லாத ஒருவர் வருகின்றார். சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ், ஸ்புரூ என்னும் குடல் நோய்க்குத் தம் சகோதரரைப் பறிகொடுத்தவர். அமெரிக்கா சென்று, அந்நோயைத் தீர்க்கும் போலிக் அமிலத்தை ஆராயும் குழுவுக்குத் தலைமை தாங்கினார். அவ்வமிலத்தின் வேலையைத் தடுக்கும் பொருள்களும் அவ்வாராய்ச்சியின் வழியே பிறந்தன. மெதோட்ரெக்சேற் அவற்றுள் ஒன்று. குடல் நோயால் மாண்ட சகோதரரின் துயரம், ஒரு தலைமுறை கழித்து, எலும்புப் புற்றுநோயாளருக்கு மருந்தாயிற்று. ஆராய்ச்சியின் போக்கு இத்தன்மையது.

1980 ஏப்ரல் 12 ஆந் தேதி, நியூபவுண்லாந்தின் சென் யோன்ஸ் நகரில் அத்திலாந்திக் கடலிலே பொய்க்காலைத் தோய்த்துவிட்டு ரெறி ஓடத் தொடங்கினார். கனடாவைக் குறுக்கே கடந்து பசிபிக் கரை சேர்வது அவர் எண்ணம். புற்றுநோய் ஆராய்ச்சிக்கென மக்கள் தலைக்கு ஒரு டொலர் ஈதல் வேண்டும் என்பதே வேண்டுகோள். நாளொன்றுக்கு ஏறத்தாழ 42 கிலோமீற்றர், ஒரு காலும் ஒரு பொய்க்காலுமாக! முதலிற் கேட்பார் இல்லை. கியூபெக்கில் மொழி தெரியாமையாலும் இடர்ப்பட்டார். ஒன்ராறியோவை அடைந்தபின்னரே நாடு திரும்பிப் பார்த்தது. தம் பண்டங்களைப் புகழ்ந்துரைக்குமாறு கேட்ட கம்பனிகளுக்கு அவர் இணங்கவில்லை. பிறர் துயரத்தில் விளம்பரம் தேடுவோர் மலிந்த இந்நாளில் இது குறிக்கொள்ளத் தக்கது.

143 நாள், 5,373 கிலோமீற்றர். செப்ரெம்பர் 1 ஆந் தேதி தண்டர் பே நகருக்கு அணித்தாக மூச்சு முட்டியது. நோய் நுரையீரலுக்குப் பரவியிருந்தது. மறுநாள் அவருக்கு ஒரு தந்தி வந்தது. அனுப்பியவர் இசடோர் சார்ப் என்னும் பெருவணிகர். 1978 இல் தம் மகனைப் புற்றுநோய்க்கு இழந்தவர். ரெறியின் பெயரால் ஆண்டுதோறும் ஓட்டம் நடைபெறும், அவர் கனவு நிறைவேறும்வரை ஓயமாட்டோம் என்பது அதன் கருத்து. தந்தை ஒருவர் தம் துயரத்தைப் பிறர் மகனின் பணியோடு பிணைத்துக்கொண்டார்.

அடுத்த பெப்ரவரியில் நிதி 241 இலட்சம் டொலரைக் கடந்தது. கனடாவின் குடித்தொகையும் அப்போது அதுவே. தலைக்கு ஒன்று சேர்ந்துவிட்டது. 1981 யூன் 28 இல், இருபத்து மூன்றாம் பிறந்தநாளுக்குச் சரியாக ஒரு திங்கள் முன்னதாக, ரெறி காலமானார். அவ்வாண்டு செப்ரெம்பரில் நடந்த முதல் நினைவோட்டத்தில் மூன்று இலட்சம் பேர் பங்குகொண்டனர். தாயார் பெற்றி பொக்ஸ் 2011 இல் மறையும்வரை பாடசாலை பாடசாலையாகச் சென்று இப்பணியை வளர்த்தார். இதுவரை திரண்ட பொருள் 85 கோடி டொலருக்கும் மேல். கனடாவிலுள்ள நம் உறவினரின் பிள்ளைகளும் செப்ரெம்பர் தோறும் நாணயங்களோடு அவ்வோட்டத்திற்குச் செல்வதுண்டு.

நம் நாட்டிலும் இத்தகைய முயற்சிக்கு உதாரணம் இல்லாமலில்லை. 2011 யூலையில் தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 27 நாட்கள் நடந்து திரட்டிய நிதி, தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலையாயிற்று. அது கட்டடம், அவசியமான கட்டடம். ஆராய்ச்சிக்கென அவ்வாறு நடந்தார் இன்னும் இலர்.

இன்று ஒஸ்ரியோசார்க்கோமா கண்ட பிள்ளையின் காலைப் பெரும்பாலும் துணிப்பதில்லை. நோயுற்ற எலும்பை மட்டும் அகற்றி உலோகம் பொருத்துகின்றனர். பரவுமுன் கண்டால் பத்துப் பேரில் அறுவரோ எழுவரோ பிழைக்கின்றனர். நுரையீரலுக்குப் பரவிவிடின், பிழைப்பார் மூவருக்கு மேற்படுவதரிது. 1980 களின் பின்னர் இவ்வெண்கள் பெரிதும் அசையவில்லை. ரெறியின் ஓட்டத்தை நிறுத்தியதும் நுரையீரலிற் பரவிய நோயே.